நாலாவது கொமிக்கும் பக்கத்துக் கட்டில் போத்தலும்

எலிக்காய்ச்சலில் விழுந்து எழுந்து வந்தவன் நான். நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதினால் பெரும்பாலும் தைரியம் சொல்லி எழுதுவார்கள். என்னிடம் அந்தச் சரக்கு கொஞ்சம் குறைவு. இதைப் படித்துவிட்டு, காய்ச்சலோடு பால் வெட்டக் கிளம்பிய ஒருவராவது திரும்பி வீட்டுக்குப் போனால் நல்லது. எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பக்கத்துக் கட்டிலில் இருந்த மனிதரைப் பற்றியது.

தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். மழை பெய்தால் எங்களுக்கு வேலை இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தில் பரவி வீணாகிவிடும். அந்த முறை ஒன்பது நாள் விடாத மழை. முதல் நாளே எங்கள் லய வீடுகளுக்குப் பின்னாலிருந்த கழிவுநீர்க் கான் அடைத்துக்கொள்ள, வெடித்த குதிகாலோடு உள்ளே இறங்கி மண்ணை வாரிப் போட்டேன். மீதி எட்டு நாளும் படுத்துக்கொண்டு போனில் ஒரு ஸோம்பி நாடகம் பார்த்தேன். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிப்பார்கள். கடிபட்டவர்களும் செத்து எழும்புவார்கள். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். என் மனைவி ராணிக்கு அது ஆகாது. "இந்தப் பொணக் கூத்தப் பாத்துக்கிட்டே இருங்க, ஒரு நா நீங்களும் அப்புடித்தான் எந்திரிப்பீங்க" என்பாள்.

பத்தாம் நாள் விடிய வானம் வெளுத்திருந்தது. எனக்கு உடம்பு கொதித்தது. ஒன்பது நாள் மழைக்குப் பிறகு வருகிற முதல் காய்ந்த காலையில் எங்கள் தோட்டத்தில் யாரும் வீட்டில் நிற்க மாட்டார்கள். மரங்கள் பாலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பெனடோல் மாத்திரையை விழுங்கிவிட்டு வாளியை எடுத்தேன்.

"கண்ணு ஏன் இப்புடி செவந்திருக்கு?" என்று ராணி கேட்டாள்.

"போன் பாத்தேன்ல, அதான்."

இரண்டு நாள் அப்படியே ஏமாற்றினேன். மூன்றாம் நாள் மரத்தடியில் குந்தியவனால் எழுந்திருக்க முடியவில்லை. கெண்டைக்கால் இரண்டிலும் யாரோ கல்லைக் கட்டியது போல வலி.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ராணி சேலைத் தலைப்பை நனைத்து என் நெற்றியில் போட்டுக்கொண்டே இருந்தாள். பெண் டொக்டர் வேறு எதையும் பார்க்கவில்லை. கெண்டைக்காலை ஒரு அழுத்து அழுத்தினார். நான் கத்திய கத்தலில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சேற்றில் இறங்கினாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். கானைப் பற்றிச் சொன்னேன். உடனே வாட்டில் போட்டார்கள்.

எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமி தண்ணீரில் கலந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. காய்ச்சலும் வலியும் ஆளைக் கொல்வதில்லை. அந்தக் கிருமி சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடுவதுதான் ஆபத்து. அதனால் இரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒன்றைப் பார்ப்பார்கள். அது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு. அந்த எண் ஏறினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள். ஆனால் இரத்த முடிவு வரும்வரை டொக்டர்மார் நம்புவது சிறுநீர் அளவைத்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் போத்தல் இருக்கும். நாமே அதில் பெய்து, அளவைப் பார்த்து, கால்மாட்டில் தொங்குகிற தாளில் எழுத வேண்டும். எவ்வளவு வெளியே போகிறதோ அதைப் பார்த்துத்தான் சேலைன் உள்ளே ஏற்றுவார்கள். இதை எனக்கு முதல் நாளே வாட்டுத் தாதி மிஸ் விளக்கிச் சொன்னார். காய்ச்சலில் பாதிதான் காதில் விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் சிவநேசன் சார் இருந்தார். பருத்தித்துறைப் பக்கம். இங்கே பிரதேச செயலகத்தில் வேலை, அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார். வெள்ளச் சேதம் பார்க்கச் சனங்களின் வீடுகளுக்குள் தண்ணீரில் நடந்ததில் அவருக்கும் அதே காய்ச்சல். எனக்கு ஒரு நாள் முந்தி வாட்டுக்கு வந்தவர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாரும் தம்பி. உமக்கும் கண் சிவப்பு. ரெண்டு பேரும் ஸோம்பி மாதிரித்தான் இருக்கிறம்."

நான் பார்க்கிற நாடகத்தைச் சொன்னேன். அவர் கட்டிலோரத்து அலமாரியைத் திறந்து ஒரு துணிப் பையை எடுத்தார். உள்ளே பதினொரு கொமிக் படக்கதைப் புத்தகங்கள். அந்த நாடகமே இந்தக் கொமிக்கிலிருந்துதான் எடுத்தது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஐம்பது வயது தாண்டிய அரசாங்க உத்தியோகத்தர், பல் துலக்கும் பிரஷை மறந்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்.

அடுத்த மூன்று நாளும் எங்களுக்கு அதுதான் மருந்து. கொமிக் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் வாசித்து, தன் தமிழில் சொல்லுவார். நாடகத்தில் சென்னைத் தமிழில் வீரம் பேசிய பஸ் ட்ரைவர், சாரின் வாயில் "ஒருத்தரும் இறங்காதேங்கோ, அவங்கள் நிக்கிறாங்கள்" என்றான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

கொமிக் கறுப்பு வெள்ளை. நாடகத்தில் பிணங்கள் கூட்டமாகத்தான் வரும், ஒரு முகமும் மனதில் நிற்காது. கொமிக்கில் ஒவ்வொன்றும் ஓர் ஆள். கல்யாண உடுப்போடு ஒருத்தி வருவாள், தபால் பையை இன்னும் விடாத ஒருவன் வருவான். நாடகத்தில் இசை முந்திக்கொண்டு எச்சரித்துவிடும், நாமும் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொள்வோம். கொமிக்கில் பக்கத்தைத் திருப்பினால் பிணம் அங்கே நிற்கும். நாடகம் எட்டு மணி நேரம் இழுத்ததைக் கொமிக் இருபது பக்கத்தில் முடித்துவிடும். நாடகத்தில் வருகிற காதல் கதை கொமிக்கில் மருந்துக்கும் இல்லை.

"நாடகக்காரருக்குப் பயம், தம்பி" என்றார் சார். "சனம் பாக்காமல் விட்டிடும் எண்டு பயம். கொமிக் கீறினவனுக்கு அந்தப் பயம் இல்லை."

"அப்புடிச் சொல்லாதீங்க சார். நாடகத்துல அந்த ட்ரைவர் கூட நாங்க எத்தன நாள் இருந்தோம்? அவனுக்கு ஒண்ணுன்னா அழுக வருது. உங்க பொஸ்தகத்துல அவன் பேரே ரெண்டு தடவதான் வருது."

"அழுறதுக்கோ கதை?"

"வேற எதுக்கு சார்?"

பெரிய சண்டை நாலாவது புத்தகத்தில் வந்தது. பாலத்தில் வைத்து ட்ரைவரின் கணுக்காலில் ஒரு பிணம் கடிக்கிறது. அவன் காலுறையை இழுத்து மூடிக்கொள்கிறான். அவனுடைய கூட்டாளி மட்டும் பார்த்துவிடுகிறான். நாடகத்தில் கூட்டாளி உடனே கத்தி எல்லோருக்கும் சொல்லிவிடுவான். காலை வெட்டுவார்கள், ட்ரைவர் பிழைப்பான், பிறகு கூட்டாளியோடு பேசவே மாட்டான். கொமிக்கில் கூட்டாளி சொல்வதில்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்பது ட்ரைவரின் ஆசை. இன்னும் ஒரு நாள் ஓட்டினால் கடல். அவன் ஆசையைக் கெடுக்க மனமில்லாமல் கூட்டாளி வாயை மூடிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

"கொமிக்தான் சரி" என்றேன், முதல் தடவையாக. "கூட்டாளின்னா அப்புடித்தான் இருக்கணும்."

சார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பஸ்சுக்குள்ள எத்தினை பேர் இருக்கினம் எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். முடிவை மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். "அதை நீர்தான் பாக்கவேணும்."

வியாழக்கிழமை அவர் தன் மகளைப் பற்றிச் சொன்னார். ஒரே பிள்ளை. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை கனடா போய்விட்டார், விசா வந்து இவள் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள். சனிக்கிழமை தாயும் மகளும் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இவர் வீட்டுக்குச் சொன்னது "சின்னக் காய்ச்சல்" என்றுதான்.

"உண்மையைச் சொன்னால் அவள் போகமாட்டாள், தம்பி. எயாப்போட்டில ஒருக்கா அவளின்ர தலையைத் தடவி அனுப்பினால் காணும் எனக்கு. பிறகு ரெண்டு மாசம் எண்டாலும் இந்தக் கட்டிலில கிடப்பன்."

சுற்றுப் பார்க்க வந்த டொக்டர் அவருடைய தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சிறுநீர் குறைகிறது. ஒரு நாளைக்கு ஒரு லீற்றராவது தாண்டினால்தான் சனிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம், இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வரும் என்றார். சாருக்குச் சிங்களம் வரும், ஆனால் கோப்பில் எழுதுகிற சிங்களம். அதனால் வாட்டில் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவன் நான்தான். டொக்டர் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் முகம் விழுந்துபோனது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பகலில் பாலை நிறுக்கிற இடத்தில் இத்தனை கிலோ இருந்தால்தான் முழுப் பேர் போடுவார்கள், அதாவது அந்த நாளுக்கு முழுச் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். யாராவது சுகமில்லாமல் இருந்தால், வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தால், வரிசையில் பக்கத்தில் நிற்கிறவர் தன் வாளியிலிருந்து அவர் வாளியில் கொஞ்சம் ஊற்றுவார். கேட்டு ஊற்றுவதில்லை, சொல்லியும் ஊற்றுவதில்லை. கணக்கப்பிள்ளை வேறு பக்கம் பார்ப்பார். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற பாக்கியக்காவுக்கு நான் ஒரு வருடமாக ஊற்றியிருக்கிறேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வழக்கம் போல நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. பால் வெட்டுகிறவனுக்கு ஆஸ்பத்திரியானாலும் நாலு மணிதான். சார் தூங்கிக்கொண்டிருந்தார். குனிந்தால் இரண்டு போத்தல்களும் பக்கத்தில் பக்கத்தில். என்னுடையதில் தளும்பத் தளும்ப. அவருடையதில் அடியில் கொஞ்சம். எனக்கு ஒரு யோசனையும் ஓடவில்லை என்பதுதான் உண்மை. கை தானாகப் போனது. ஊற்றினேன்.

ஆறு மணிக்கு அவர் எழுந்து அளவைப் பார்த்தார். "தம்பி! இஞ்ச பாரும்! வேலை செய்யத் தொடங்கியிட்டுது!" சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். அங்கேயே போனை எடுத்து மகளிடம், "நான் நாளைக்கு வாறன் அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதை" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் மனம் நிறைந்துபோனது.

டொக்டருக்கும் திருப்தி. சிறுநீர் போகிறது, ஆகவே சேலைனைக் கூட்டலாம் என்று எழுதினார். இரத்தத்தை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், முடிவு மறுநாள் வரும். பகலில் சாரின் போத்தல் மறுபடி குறைவாக இருந்தது. ஒரு தடவை ஊற்றியவன் அடுத்த தடவை எப்படி ஊற்றாமல் விடுவது? அவர் கழிப்பறைக்குப் போன நேரம் ஊற்றினேன். சனிக்கிழமை விடிய மூன்றாம் தடவை. மிஸ் அளவு பற்றிச் சொன்ன அந்தப் பாதிப் பேச்சு அப்போதெல்லாம் என் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை பதினொன்றரை மணி. சார் முகம் வழித்து, சட்டை மாற்றி, துண்டு வெட்டுவார்கள் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று இருமினார். படுக்க முடியவில்லை, முன்னால் வளைந்துகொண்டு மூச்சை இழுத்தார். ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாயோரத்தில் நுரை. மிஸ்மார் ஓடி வந்தார்கள், திரையை இழுத்தார்கள். டொக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சிறுநீர்தான் நன்றாகப் போகிறதே, பிறகு எப்படி?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்தானே பக்கத்தில் இருக்கிறீர்கள்? அவர் சரியாகத்தான் அளந்தாரா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வெளியே போகாத தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. நான் ஊற்றியதை நம்பி அவர்கள் இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். அது நெஞ்சில் ஏறிவிட்டது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஓவ்" என்றேன். சிங்களத்தில் ஆம் என்று.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பயம்தான், வேறென்ன. தோட்டத்தில் வாளியில் ஊற்றியதை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அந்தப் பழக்கமும் சேர்ந்து என் நாக்கைப் பிடித்துக்கொண்டது. டொக்டர் என் பேச்சை நம்பினார். அப்படியானால் இதயமாக இருக்கும் என்று நெஞ்சில் கம்பிகளைப் பொருத்தி இதயத் துடிப்பைப் படமெடுத்தார்கள். நான் என் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். ராணி வந்தாள். ஒரு கையில் கஞ்சி, மறு கையில் சாருக்கென்று தனியாக ஒரு போத்தல் கொத்தமல்லித் தண்ணீர். அவருக்கு இங்கே ஆள் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் கொண்டுவந்தாள். என் முகத்தைப் பார்த்தவள், "என்னா செஞ்சீங்க?" என்றாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சொன்னேன். அவள் கஞ்சியைத் தரையில் வைத்தாள்.

"எந்திரிங்க. இப்பவே போயி சொல்லுங்க."

"ராணி, என்னய..."

"ஒங்கள என்னா செஞ்சாலும் செய்யட்டும். எந்திரிங்க!"

சேலைன் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். மிஸ் என்னைத் திட்டவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிடமே சேலைனை நிறுத்தி, தண்ணீரை இறக்க ஊசி போட்டு, அம்புலன்ஸை அழைத்தார்கள். இரத்த முடிவும் அந்த நேரம்தான் வந்தது. கிரியேட்டினின் எண் எங்கேயோ ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற டயலிசிஸ் செய்வார்கள் என்று மிஸ் சொன்னார். ஒரு நாள் முந்திப் போயிருக்க வேண்டியவர் என்றும் சொன்னார்.

புதன்கிழமை எனக்குத் துண்டு வெட்டினார்கள். மிஸ் துணிப் பையைக் கொடுத்தார். "உங்கள் ஆளுடைய புத்தகங்கள். எப்படியாவது சேர்த்துவிடுங்கள்." சார் பிழைத்துவிட்டார் என்று அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை மகள் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். பத்து நிமிடம் விட்டிருக்கிறார்கள். சாருக்கு வாயில் குழாய், மயக்கம். தகப்பனுடைய தலையை அவள் தடவிவிட்டுப் போனாளாம்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். முதல் நாளே நிறுக்கிற வரிசையில் பாக்கியக்காவின் வாளி குறைவாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கை எழவில்லை. அவருக்கு அரைப் பேர் விழுந்தது. "இன்னும் ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

நாலாவது புத்தகத்தின் கடைசியை அந்த நாட்களில்தான் பார்த்தேன். ஆங்கிலம் அவ்வளவாக வராவிட்டாலும் பாதகமில்லை, கடைசி ஆறு பக்கத்தில் எழுத்தே இல்லை. பஸ் கடற்கரையில் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடிகளில் உள்ளேயிருந்து பிணங்களின் கைகள் படிந்திருக்கின்றன. கூட்டாளி மட்டும் வெளியே மணலில் உட்கார்ந்திருக்கிறான். நாடகத்தில் கடற்கரையே கிடையாது.

நாலு மாதம் கழித்துப் போன் வந்தது.

"தம்பி செல்வம்! நான் சிவநேசன் கதைக்கிறன். ஊரிலதான் நிக்கிறன், இடமாற்றம் தந்திட்டினம். உம்மை மறக்கேலாது. நீர் போய் மிஸ்ஸைக் கூப்பிட்டிராட்டி நான் அண்டைக்கே முடிஞ்சிருப்பன் எண்டு சொல்லிச்சினம். என்ர மனுசி உம்மட பேரில கோயில்ல அர்ச்சனை செய்விச்சவ."

அந்த அர்ச்சனையைத் தாங்க முடியவில்லை. சொன்னேன். முதல் தடவை ஊற்றியதிலிருந்து "ஓவ்" வரை எல்லாம் சொன்னேன். அவர் பக்கத்தில் எங்கேயோ குழாயிலிருந்து வாளிக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு ஊத்தினனீர்?" என்று கடைசியில் கேட்டார்.

"மூணு தடவ சார். மொத்தமா ஒரு லீட்டர் வரும்."

"அப்ப உம்மட தாளில அவ்வளவும் குறைஞ்சிருக்குமே."

"ஆமாங்க சார்."

"என்ர தாளைப் பாத்துத்தான் நான் பிள்ளைக்கு வாறன் எண்டு சொன்னனான்." பிறகு கதைக்குத் திரும்பினார். "நாடகத்தில அவன் உடனை சொல்லுறான். கொமிக்கில சொல்லவே இல்லை. நீர் சொன்னனீர். ஆனால் அரை மணித்தியாலம் பிந்தி."

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"புத்தகங்கள் உம்மட்டையோ இருக்குது?"

"பத்திரமா இருக்கு சார். நாளைக்கே தபால்ல போடுறேன்."

"பத்தை அனுப்பும். நாலாவதை நீர் வைச்சிரும்."

போனை வைத்துவிட்டார். பிறகு அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. பத்துப் புத்தகங்களையும் பொலித்தீனில் சுற்றி அவிசாவளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலாவது இங்கே அலமாரியில், என் ஆஸ்பத்திரித் தாளோடு இருக்கிறது.